குற்றச் சக்கரவர்த்திக்கு ஒட்டுப் போட்ட கதை

எண்பதுகளில் தமிழில் வந்த படக்கதை இதழான லயன் காமிக்ஸில், குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரின் கதை வந்த இதழ் ஒன்று, உறையை விட்டு எடுத்தாலே உதிரும் நிலையில் என்னிடம் கிடந்தது. இப்போது அது முழுசாகத் திறக்கிறது, தாள் கொட்டாமல் மூடுகிறது, கையில் பிடித்துப் படிக்க முடிகிறது. அழகாக இருக்கிறதா என்றால் இல்லை. துருக்கறை அப்படியே இருக்கிறது, அட்டையில் பழுப்புப் பட்டை இருக்கிறது. ஆனால் படிக்கலாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

எங்கள் நண்பர் வட்டத்தில் பழைய காமிக்ஸை ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்குத் தருவது வழக்கம். ஒருவர் இரும்புக்கை மாயாவி கதைகளை முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வேதாளரின் பழைய கதைகளில் சை பாரி வரைந்தவற்றை மட்டும் தேடித் தேடிப் படிக்கிறார். நான் ஸ்பைடர் என்றதும் மூன்று பேர் கை நீட்டினார்கள். இந்தப் பிரதியை எவர் கையிலும் தர முடியாது, தந்தால் பொடியாகத்தான் திரும்பி வரும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வேலை தொடங்கியது அப்படித்தான்.

பிரதியின் நிலை இது. நடுவே இரண்டு கம்பி பின். இரண்டும் துருப்பிடித்து, சுற்றியிருந்த தாளைத் தின்று, துளை மிளகு அளவுக்குப் பெரிதாகியிருந்தது. அட்டை முதுகு முழுக்க உள்ளும் புறமும் செல்லோடேப். வெளிப்பக்கத் தாளும் நடுத்தாளும் மடிப்பில் இரண்டாகப் பிளந்திருந்தன. ஒரு பக்கத்தில் மேல்மூலை காணவில்லை, ஒரு பேச்சு பலூனோடு. உள்ளே ஏதோ ஒரு வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை. ஓரங்களில் ராமபாணப் பூச்சி மேய்ந்த தடம்.

முதல் வேலை பூச்சி. இதழை ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் போதும், பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே வெளியில் வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாள் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் காமிக்ஸ் இருப்பதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிடுகிறேன்.

அடுத்தது பின் எடுப்பது. ஸ்டேப்பிள் ரிமூவர் பக்கமே போக வேண்டாம், அது தாளோடு பிய்க்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடிந்திருக்கும் கம்பிக் கால்களை மழுங்கிய மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். தாளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு துண்டு பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் செருகிக்கொண்டால் கத்தி நழுவினாலும் தாள் தப்பிக்கும். ஒரு கால் நிமிர்ந்தது. மற்றது துருவில் ஒடிந்தே போனது, நல்லதாகப் போயிற்று. பின்னை முதுகுப் பக்கமிருந்து இடுக்கியால் இழுத்தேன். துருப்பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டி, ஒட்டியிருந்ததை அறுவைக் கத்தியின் முனையால் சுரண்டினேன். கறையை எடுக்க எலுமிச்சை, உப்பு என்றெல்லாம் யோசனை சொல்வார்கள். இந்தத் தாளில் அமிலம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது, புதிதாக ஊற்ற வேண்டியதில்லை.

செல்லோடேப்தான் பெரும் பொழுதைத் தின்றது. பழசாகி மஞ்சளான டேப்பில் மேல் பிளாஸ்டிக் தானாகவே உரிந்து வந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிக் கறையாக நிற்கும். வெளிப்பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. உள்பக்க டேப்பைப் பின்னால் யாரோ ஒட்டியிருக்க வேண்டும், பசை இன்னும் பிசுபிசுத்தது. ஹேர் ட்ரையரை நடுத்தரச் சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, டேப்பின் ஓரம் இளகியதும் மெல்லிய தகட்டுக் கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். டேப்பை மேலே இழுக்காமல், தன் மேலேயே மடித்துப் பின்னோக்கி உரித்தால் மேல் அச்சு பிய்ந்து வருவது குறையும். குறையும், நிற்காது. ஸ்பைடரின் கூரான காதோரம் கடலைப் பருப்பு அளவுக்கு வெள்ளை விழுந்துவிட்டது.

மிச்சப் பசைக்கு நான் கண்டுகொண்ட நல்ல கருவி செருப்புக்கடை க்ரேப் ரப்பர். க்ரேப் சோல் வெட்டும்போது விழும் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், காசே வாங்கவில்லை. அதைப் பசை மேல் மெதுவாக உருட்டினால் உருண்டையாகத் திரண்டு வந்துவிடுகிறது. அதுக்கும் மசியாத இடத்தில் சிகரெட் லைட்டர் பெட்ரோலைக் காதுக் குச்சியில் தொட்டு ஒத்தினேன், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து. அதற்கு முன் அட்டையின் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டு, மை கரைகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கரையவில்லை. நெயில் பாலிஷ் எடுக்கும் அசிட்டோன் வேறு ரகம். பால் பாயின்ட் பேனாவில் எழுதிய பெயர் இருந்தால் அது நொடியில் நீலக் குளமாகிவிடும். இந்தப் பிரதியில் முதல் பக்கத்தில் யாரோ ஒரு சிறுவன் தன் பெயரையும் வகுப்பையும் எழுதியிருந்தான். ஆகவே அசிட்டோன் பாட்டிலையே எடுக்கவில்லை.

தாளை நீரில் அலசி அமிலம் நீக்கும் முறை ஒன்று உண்டு. ஊதா முத்திரையின் ஓரத்தில் ஈரக் காதுக் குச்சியை வைத்துப் பார்த்தேன், நிறம் குச்சியில் ஏறியது. அத்தோடு அந்த யோசனைக்கு முழுக்கு.

அப்புறம் பசை. வழக்கமான பைண்டிங் பசையில் பெரும்பாலும் மைதாவும் மயில்துத்தமும்தான். மயில்துத்தம் பூச்சியைத் தடுக்கும், உண்மை. ஆனால் அந்தச் செம்பு உப்பு வருடக்கணக்கில் தாளை அரிக்கும். வெறும் மைதாப் பசை நல்லதா என்றால், அதிலிருக்கும் ஒட்டுப்பொருள் காய்ந்ததும் விறைத்து மஞ்சளாகிறது. வேண்டியது மாவுச்சத்து மட்டும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுக்கும் அதே வித்தைதான். கால் கிலோ மைதாவைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, அரை மணி ஊறவைத்து, மெல்லிய துணியில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பிசைந்துகொண்டே இருந்தால் பால் இறங்கும், ரப்பர் மாதிரிச் சக்கை துணியில் நிற்கும். பாலை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்தால் அடியில் வெண்மையாகப் படிந்திருப்பதுதான் நமக்கு. அதில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுச் சிறு தீயில் கைவிடாமல் கிளறினேன். பால் வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்கி, ஆறவிட்டு, டீ வடிகட்டியில் இரண்டு முறை தேய்த்து எடுத்தேன். வேலைக்கு வேண்டியதை மட்டும் தண்ணீர் விட்டு ஏடு மாதிரித் தளர்த்திக்கொள்ளலாம். குளிர்பெட்டியில் மூன்று நாலு நாள் தாங்கும். வாடை மாறினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒட்டுக்குத் தாள் ஜப்பானியக் கோஸோ. முதலில் துணிக்கடைப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே வைக்கும் டிஷ்யூவை எடுத்துப் பார்த்தேன். ஈரம் பட்டதும் கூழாகிறது, இழையே இல்லை. கோஸோவில் நார் நீளம், அதனால் மெல்லிசாக இருந்தும் பிடிமானம் அதிகம். சதுர மீட்டருக்கு 9 கிராம் எடையில் ஒன்றும், படத்தின் மேலேயே போட 5 கிராமில் ஒன்றும் இணையத்தில் வாங்கினேன். அப்போது ஒரு தாள் இருநூறு முந்நூறு ரூபாய் வரை ஆயிற்று. விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஒரு தாளில் நாலைந்து இதழ்களைத் தேற்றிவிடலாம்.

இதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. வெட்டிய நேர்க்கோடு பழைய தாளில் ஒரு விளிம்பாக நிற்கும், பின்னால் அந்தக் கோட்டிலேயே ஒடியும். தூரிகையை நீரில் தொட்டு ஒரு கோடு இழுத்து, ஈரம் ஊறியதும் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் கிழிந்து வரும், ஓரத்தில் நார் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிசிறுதான் பழைய தாளோடு விளிம்பு தெரியாமல் சேர்வது.

இந்தக் கட்டத்தில்தான் ஓவியரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்பைடரை வரைந்தவர் இங்கிலாந்தின் ரெக் பன். எழுத்தாளர் டெட் கோவனோடு சேர்ந்து 1965இல் லயன் வார இதழில் (நம் லயன் இல்லை, அந்த ஊர் லயன்) ஆரம்பித்தார். சில மாதங்களில் எழுத வந்தவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். பன்னின் பேனா ஒரு கட்டத்தைக்கூடச் சும்மா விடாது. முகம், சுவர், வானம் எல்லாவற்றிலும் நெருக்கமான சாய்கோடுகள். கிழிந்த இரண்டு விளிம்புகளைப் பொருத்தும்போது அந்தக் கோடுகள்தான் எனக்கு அளவுகோல். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கோடும் அடுத்த துண்டில் தொடர்கிறதா என்று பார்த்தால் அரை மில்லிமீட்டர் விலகல்கூடத் தெரிந்துவிடும்.

மாயாவி இதழில் இதே வேலை வேறு மாதிரி. இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் 1962இல் தொடங்கிய அந்தத் தொடரை வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அவரிடம் பெரும் பெரும் கறுப்புப் பரப்புகள். இருட்டு அறை, அதில் மிதக்கும் ஒரு இரும்புக் கை. கறுப்பின் நடுவே தாள் கிழிந்தால் கிழிசலின் ஒரு விளிம்பில் வெள்ளை நார் நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். எந்த விளிம்பு மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று பார்த்து அடுக்காவிட்டால் படத்தின் நடுவே மின்னல் வெட்டியது போல வெள்ளைக் கோடு. மின்சாரம் பட்டால் இரும்புக் கை தவிர உடல் மறைந்துவிடும் மாயாவிக்கு மின்னல் பொருத்தம்தான், ஆனாலும் இது வேண்டாம்.

ஒட்டும் முறை எளிது. கிழித்தெடுத்த கோஸோத் துண்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பசை தடவி, ஈரமான காகிதத்தில் ஒருமுறை ஒற்றி, கிழிசல் மேல் வைத்து, நான்-வோவன் துணி ஒன்று, அதன் மேல் ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் தாள், அதன் மேல் கண்ணாடித் துண்டு, இரண்டு கிலோ எடை. பத்து நிமிஷத்தில் பிளாட்டிங் தாளை மாற்றி, அப்புறம் இரவு முழுக்க விட வேண்டும். நான்-வோவனுக்குத் தையல்கடை உள்துணிதான், பசை பூசாத ரகமாகப் பார்த்துக் கேட்க வேண்டும். அந்த ஒற்றும் வேலையைச் செய்யாமல் முதலில் ஒட்டிய ஒன்றைச் சுற்றி, காய்ந்ததும் ஒரு பழுப்பு வளையம் வந்து நின்றது. செய்தித்தாள் காகிதத்தில் ஈரம் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு தூரத்துக்கு உள்ளிருக்கும் அழுக்கைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. அது போகாது. பசை குறைவாக இருக்கிறதே என்று சந்தேகம் வருகிற அளவுதான் சரியான அளவு.

மடிப்பு பிளந்த தாள்களுக்கு 10 மில்லிமீட்டர் அகலப் பட்டை, மடிப்பின் வெளிப்பக்கமாக. 64 பக்க இதழ் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினாறு தாள். வேலை சுறுசுறுப்பாகப் போனதால் பிளக்காத தாள்களுக்கும் முன்னெச்சரிக்கையாகப் பட்டை போட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் அடுக்கி மூடினால் மூடவில்லை! முதுகுப் பக்கம் உப்பி, முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இந்தப் பசையில் ஒரு சௌகரியம், லேசாக ஈரம் காட்டினால் விட்டுவிடும். ஈரப் பிளாட்டிங்கைக் கொஞ்ச நேரம் வைத்து வேண்டாத பட்டைகளை எடுத்தேன். வெளித்தாள், நடுத்தாள், இன்னும் ஒன்று, அத்தோடு சரி.

மூலையில் போன பேச்சு பலூனுக்கு வருவோம். ஸ்பைடரின் ஆங்கிலக் கதைகளை ரெபெல்லியன் நிறுவனம் தொகுப்பாகக் கொண்டு வந்திருப்பதால் படம் என்ன என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஸ்பைடரின் கையாட்களான பேராசிரியர் பெல்ஹாமும் பெட்டி உடைக்கும் ராய் ஆர்டினியும் வழக்கம்போல அவனிடம் திட்டு வாங்கும் இடம். ஆனால் தமிழ் வசனம் ஆங்கிலத்தில் கிடைக்காதே. நண்பர் ஒருவர் தன் பிரதியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். காணாத இடத்தில் தடித்த கோஸோவை, அக்ரிலிக் நிறத்தை வெகுவாகத் தளர்த்தித் தாளின் பழுப்புக்கு நெருக்கமாகச் சாயமேற்றி, நிரப்பினேன். அதன் மேல் வரையவும் இல்லை, எழுதவும் இல்லை. வசனத்தைத் தனித் துண்டில் பென்சிலால் எழுதி அந்தப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். பேனா எடுத்து நானே பன் ஆவது என் தகுதிக்கு மீறிய வேலை.

கட்டுவதற்கு மறுபடி கம்பி போட மனசில்லை. கடற்கரை ஊரில் எந்தக் கம்பியும் ஒருநாள் துருப்பிடிக்கும். நூல்தான். கொஞ்சம் தடித்த வெள்ளைப் பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டேன். பழைய பின் துளைகள் அரித்துப் போனதால், நடுத்தாளிலும் அட்டையிலும் அந்த இடங்களை உள்ளிருந்து ஒட்டி அடைத்துவிட்டு, அவற்றிலிருந்து 15 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இரண்டு துளை, நட்டநடுவில் ஒரு துளை. குத்தூசியை விட மெல்லிய ஊசியால் மரத்துண்டின் மேல் வைத்துக் குத்துவது நல்லது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே, அங்கே முடிச்சு. நூலைத் தாளின் திசையிலேயே, முதுகோடு சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். மேல் நோக்கி இழுத்தால் துளை கிழிந்து நீளும்.

செலவு பிளாட்டிங் தாள், கோஸோ, தூரிகை, அறுவைக் கத்தி, நூல், உறை எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குப் பக்கம். அதில் பாதிக்கு மேல் அடுத்த இதழ்களுக்கும் உதவும் சாமான்கள். இந்தப் பழைய இதழை இன்றைக்கு நல்ல நிலையில் வாங்கப் போனால் சேகரிப்பாளர்கள் கேட்கும் விலைக்கு இது கொசுறு. ஒன்று சொல்லிவிட வேண்டும், இப்படி ஒட்டுப் போட்ட பிரதிக்கு அந்தச் சந்தையில் மதிப்பு இல்லை. விற்க வைத்திருப்பவர்கள் தொடாமல் உறையில் போட்டு வைப்பதே மேல். எனக்கு விற்கும் எண்ணமில்லை. ஹெலிகாரில் பறந்து வந்து ஊரையே மிரட்டும் குற்றச் சக்கரவர்த்தி எப்படிப் படிப்படியாகக் குற்றவாளிகளையே வேட்டையாடுபவனாக மாறுகிறான் என்பதைத் தாளைப் புரட்டிப் படிக்கத்தான் வேண்டும். ஒட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. வாரம் இரண்டு பக்கமாக வந்த தொடர் என்பதால், இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை ஒரு ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். மொத்தமாக ஒரே மூச்சில் படித்தால் கொஞ்சம் மூச்சு முட்டும். பிளாட்டிங் தாள் மாற்றும் பத்து நிமிஷ இடைவெளிகளில் படித்தபோது அது கனகச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த முறை மாற்றப் போவது: அட்டையில் வேலையைக் கடைசிக்குத் தள்ளிப் போடுவேன், தாள்களில் கை பழகிய பிறகு. நூலகம் குத்திய முத்திரையை முதல் நாளே சோதித்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் பசைப் பக்கம் போகவே மாட்டேன். அந்த ஈரத்தில் காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும், இதைச் செய்தது மாசிக் கடைசியில். பாதுகாக்க அந்துருண்டை போடுவதை நிறுத்திவிட்டேன், வாசம் தாளிலேயே தங்கிவிடுகிறது. பாலிப்ரொப்பிலீன் உறை, பின்னால் அமிலமற்ற அட்டை, பெட்டியில் ஒரு வசம்புத் துணிமுடிச்சு.

வரிசையில் அடுத்து நிற்பது சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற ரோபோவின் கதைகள், அதுவும் பைண்டிங் செய்த தொகுப்பு. ஏழெட்டு இதழ்களை ஒன்றாகச் சேர்த்துப் பக்கவாட்டில் தைத்து, ஓரத்தை மெஷினில் வெட்டி, காலிகோத் துணி ஒட்டியிருக்கிறார்கள். வெட்டியதில் பக்க எண்களும் சில பலூன்களின் முதல் எழுத்துகளும் போயிருக்கின்றன. தையலைப் பிரித்துத் தனித்தனி இதழ்களாக்குவதா, அல்லது அந்தக் காலத்து வாசகர் ஒருவர் ஆசையாகச் செய்து வைத்ததை அப்படியே விட்டு முதுகை மட்டும் சரிசெய்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஸ்பைடர் இப்போது வட்டத்தில் இரண்டாவது ஆளிடம் இருக்கிறது. மாயாவிக்காரர் மூன்றாவது.